பத்தொன்பது தாள் மிச்சம்

பலகையில் பதினெட்டு என்று சிவப்பாக எரிந்தது. சிவரஞ்சனியின் கையில் இருந்த சீட்டில் இருபத்தேழு. நடுவில் எட்டுப் பேர் இருக்கிறார்கள், எட்டுப் பேரும் உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வரக் கூடாது, ஒவ்வொருவரையும் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி, முதுகில் குழாயை வைத்து, நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட மறு நொடியே, ஐயோ, இது என்ன வேண்டுதல், ஊரார் உடம்பு கெட வேண்டும் என்று நினைக்கிற இடத்துக்கா வந்து சேர்ந்தோம் என்று தன்னையே நொந்துகொண்டு, மடியில் இருந்த தர்ஷினியின் நெற்றியைப் புறங்கையால் தொட்டாள். சுடவில்லை. இந்த மூன்று வாரமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொட்டுப் பார்க்கிறாளோ அவளுக்கே தெரியாது. இல்லாத காய்ச்சலை இருந்ததாகச் சொல்லியாயிற்று. சொன்ன வாய்க்கு அது வந்தே தீரும் என்று ஒரு பயம். பிள்ளைக்கு இன்னும் இரண்டு வயசு முடியவில்லை. கடித்துக் குதறிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சீனக் கிழவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவரும் பல் இல்லாமல் சிரித்தார். கொஞ்சம் சோர்ந்து தோளில் படுத்தாலாவது பார்க்கிறவர்கள் நம்புவார்கள். அடிப் பாவி, அதையுமா நினைக்கிறாய். பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் குணாளன், முட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகாத நாளில் என்ன செய்வதென்று தெரியாத ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். உறைக்குள் இங்கிலீஷில் அடித்த ஒரு கடிதம். அந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்ப, மூன்று வாரத்துக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை இந்தப் பிள்ளைக்கு இதே கிளினிக்கில் காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய ரசீதுக்கு ஒரு நகல் வேண்டும். அதைக் கேட்டு வாங்கத்தான் வந்திருக்கிறார்கள், நகலுக்கும் சீட்டு எடுத்து வரிசையில்தான் கேட்க வேண்டுமாம். அந்தச் செவ்வாய்க்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, அவள் இந்தக் கிளினிக்கின் கண்ணாடிக் கதவைத் தள்ளவே இல்லை என்பது இந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இருபத்தேழு எரிந்ததும் கவுண்டரில் முக்காடு போட்ட மலாய்ப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்ப்பாள், அப்புறம் அவருக்கும் தெரிந்துவிடும்.

பத்தொன்பது. ஒருத்தி எழுந்து போனாள், இருமிக்கொண்டே. பத்தொன்பது என்றதும் பலகையிலிருந்து பார்வையை எடுத்தாள், ஏனென்றால் அன்றைக்குக் காலண்டரில் மிச்சம் இருந்ததும் பத்தொன்பது தாள். போன வருஷம் ஒரு மழை நாளில், மஞ்சள் விளக்கு மாறுவதற்குள் தாண்டிவிடலாம் என்று அவர் லாரியை அழுத்தியதில், சிவப்பில் போனதாகப் படம் எடுத்து, பன்னிரண்டு குற்றப்புள்ளி என்று கடிதம் வந்தது. புள்ளி என்றால் அவளுக்குக் கோலப் புள்ளி தெரியும். எட்டாம் வகுப்போடு நிறுத்தி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவளுக்கு, முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்து நாலு வருஷத்தில், புள்ளி வைத்து வைத்து ஒரு மனுஷன் பிழைப்பையே பிடுங்கலாம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. சாப்பாட்டு மேஜையில் பருப்பு ஜாடியை நகர்த்திவிட்டு அவர் விளக்கிச் சொன்னார். "இருவத்துநாலு சேந்துச்சுன்னா லைசன்ஸ் போயிரும். பன்னண்டு வாரம் ஓட்ட முடியாது. இப்ப பாதி வந்துருச்சு." அவள் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்து, "பயப்படாத லா. ஒரு வருஷம் ஒரு தப்பும் பண்ணாம ஓட்டினா இந்தப் பன்னண்டும் அழிஞ்சு போயிரும். புதுசா ஆரம்பிக்கலாம்" என்றார், இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டு. அழிந்து போகும் என்ற சொல்லை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டரில் அந்த நாள் எது என்று புரட்டிப் பார்த்து அதன் மூலையைச் சின்னதாக மடித்து வைத்தாள். வருஷம் மாறியபோது புதுக் காலண்டரிலும் தேடி மடித்தாள். விடிந்ததும் தாளைக் கிழிப்பது ஒரு பூசை மாதிரி ஆகிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். அவர் ஓட்டுகிற வண்டியில் இருப்பது ஹோட்டல் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும், சலவையிலிருந்து ஹோட்டலுக்கும் ஹோட்டலிலிருந்து சலவைக்கும். சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது சட்டையில் சோப்பு வாசம் வரும். அந்த வாசம் கதவுக்குள் வந்துவிட்டால் ஒரு தாள் பத்திரமாகக் கழிந்தது என்று அவளுக்கு மூச்சு வரும். முந்நூறு தாளுக்கு மேல் அப்படிக் கழித்தவள், கடைசிப் பத்தொன்பதில்.

கூப்பிட்டிருக்க வேண்டாம். இருபது, இருபத்தொன்று என்று பலகை இரண்டு தடவை அடுத்தடுத்து மாறியது, இருபதுக்கு உரியவர் எழுந்துகொள்ளவே இல்லை போலிருக்கிறது, ஒரு ஆள் சும்மா கரைந்துவிட்டார். கூப்பிட்டிருக்க வேண்டாம். அன்றைக்கு அவர் ஏதோ கூடுதல் லோடு என்று நாலரைக்கே கிளம்பிவிட்டார். பிள்ளை விடிய விடியப் பால் கேட்டுப் படுத்தியதில் அவள் அசந்து தூங்கிவிட்டாள், அவர் போனது தெரியாது. எழுந்து பல் விளக்கி, திங்கட்கிழமைத் தாளைக் கிழித்தால், செவ்வாய்க்கிழமைத் தாளில் கீழே பொடி எழுத்தில் இருந்தது, சந்திராஷ்டமம்: விருச்சிகம். அவருடைய ராசி. மாசத்தில் இரண்டு நாள் அப்படி வரும். ராசிக்கு எட்டில் சந்திரன் நிற்கிற நாள், மனசு தடுமாறும், வண்டி வாகனத்தில் கவனம் வேண்டும், புதிதாக எதையும் தொடக் கூடாது என்று ஊரில் அவள் அம்மா கறி வாங்கக்கூட அந்த நாளைத் தள்ளி வைப்பாள். இந்த நாலு வருஷத்தில் அந்த நாட்களில் எல்லாம் அவர் செருப்பு மாட்டும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "இன்னிக்குப் பாத்துப் போங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள். ஏன் இன்றைக்கு என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த காவல். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அவர் போய்விட்டார், அதுவும் பத்தொன்பது தாள் மிச்சம் இருக்கும்போது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, அதைத் துடைக்கும்போதும் அதே நினைப்பு, பிள்ளைக்கு இட்லி ஊட்டும்போதும் அதே நினைப்பு. ஒன்பது மணி வரை பொறுத்தாள். பொறுத்தவள் பத்து மணி வரை பொறுத்திருக்கலாம். பத்து மணிக்கு அவர் வண்டியை ஓரம் கட்டி டீ குடிப்பார், அவரே கூப்பிடுவார், நாலு வருஷமாக அதுதான் வழக்கம். ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் பொறுக்க முடியாமல், ஓட்டுகிற மனுஷனைக் கூப்பிட்டு, பத்திரமாக ஓட்டு என்று சொல்லப் போனவளை என்னவென்று சொல்வது. பகல் நேரத்தில் அவள் என்றைக்கும் கூப்பிடுகிறவள் இல்லை, கூச்சம், பக்கத்தில் யாராவது இருப்பார்கள் என்று. அதனால்தான் அவர் பதறிப்போய் எடுத்தார். "சொல்லு, பாப்பாவுக்கு என்ன?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அந்தப் பதற்றத்தைக் கேட்டதும் சந்திராஷ்டமம் என்று சொல்ல வெட்கமாகிவிட்டது அவளுக்கு. வாய் வரைக்கும் வந்தது திரும்பி உள்ளே போனது. ஒன்றும் பேசாமல் நின்றாள். "ரஞ்சனி? ஹலோ? ரஞ்சனி?" அவர் மூன்று தடவை கேட்டார். அந்த மூன்று தடவைக்கும் போன் காதில்தானே இருந்தது, வண்டி ஓடிக்கொண்டுதானே இருந்தது. பேசியிருந்தால் முதல் தடவையிலேயே வைத்திருப்பார். அப்புறம் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம், ஒரு ஆண் குரல், இங்கிலீஷ். மோட்டார் சைக்கிளில் வந்த போக்குவரத்துப் போலீஸ். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்ததற்குப் பன்னிரண்டு. பழைய பன்னிரண்டோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்க்க எட்டாம் வகுப்பு வேண்டாம்.

இருபத்திரண்டு. கர்ப்பமாக இருந்த ஒரு பெண் மெதுவாக எழுந்து போனாள், அவளுக்காவது நேரம் ஆகட்டும். அன்று சாயந்திரம் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். கோபித்துக் கத்தியிருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்கும். அவர் மெதுவாக, "எதுக்கும்மா கூப்பிட்ட?" என்று கேட்டார். அந்த 'அம்மா'வில்தான் அவள் விழுந்தாள். "பாப்பாவுக்கு ஒடம்பு சுட்டுச்சு." யோசித்துச் சொன்னதில்லை, கால் தடுக்கும்போது கை தானாகச் சுவரைப் பிடிக்குமே, அப்படி. அவர் உடனே எழுந்து வந்து பிள்ளையின் கழுத்தில் கை வைத்தார். "இப்ப இல்லையே." "மருந்து குடுத்தாங்க." "யாரு?" "கீழ கிளினிக்ல." "நீயா போன? தனியாவா?" அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம், ஒரு சந்தோஷம்கூட. கடையில் தக்காளி கேட்கவே விரலால் காட்டுகிறவள், பிள்ளைக்காக இங்கிலீஷ்க்காரர்களிடம் தனியாகப் போய்ப் பேசி மருந்து வாங்கியிருக்கிறாள் என்று. "சரி விடு. புள்ளைக்கு முடியலைன்னா கூப்பிடத்தான் செய்வ. வேற யாரக் கூப்பிடுவ?" என்று தலையைத் தொட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அந்தத் தொட்ட இடம் இன்றைக்கும் கனக்கிறது. அன்று ராத்திரியே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நேற்றே சொல்லியிருக்கலாம் என்று தோன்றும், இன்றைக்குச் சொல்லலாம் என்று தோன்றாது. அதற்குள் அவர் தன் அக்காவிடம் சொல்லிவிட்டார். சுலோச்சனா அண்ணி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், இங்கிலீஷ் தெரிந்தவள், தன் தம்பி விஷயம் என்றால் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்குகிறவள். அவள்தான் முறையீட்டுக் கடிதம் எழுதினாள். ஒரே குழந்தை, கடும் காய்ச்சல், தாய்க்கு மொழி தெரியாது, பதற்றத்தில் அழைத்தாள், தகப்பன் என்ற முறையில் எடுக்காமல் இருக்க முடியவில்லை, கருணை காட்டுங்கள். எழுதியதை அண்ணி தமிழில் வாசித்துக் காட்டியபோது அவருக்குக் கண் கலங்கியது. சிவரஞ்சனிக்கும் கண் கலங்கியது, அந்தக் கடிதத்தில் இருந்த தாயைப் பார்த்து, அவள் எவ்வளவு நல்லவள் என்று.

குணாளனின் போன் நடுங்கியது. அண்ணியின் குரல் செய்தி. அவர் சத்தத்தைக் குறைப்பதற்குள் பாதி அறைக்குக் கேட்டுவிட்டது. "தம்பி, கெடச்சுச்சா இல்லையா? மத்தியானத்துக்குள்ள படம் எடுத்து அனுப்பு, இன்னியோட கெடு முடியுது. ரசீது இல்லாம அனுப்பினா குப்பைல போடுவாங்க. ஒரு காயிதத்தப் பத்திரமா வைக்கத் தெரியாதாடா அந்தப் புள்ளைக்கு? காலண்டர் தாள மட்டும் கிழிச்சுக் கிழிச்சு அடுக்கி வச்சிருக்கா, டாக்டர் சீட்டத் தொலைச்சுட்டாளாம். நல்லா வாச்சா நமக்கு." அவர் போனைத் திருப்பித் தொடையில் வைத்துக்கொண்டு, "அக்கா அப்படித்தான். மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா" என்றார். அவள் தலையாட்டினாள். அண்ணி சொன்னதில் என்ன தப்பு? தொலைத்திருந்தாலாவது பரவாயில்லை, தொலைப்பதற்கு ஒரு சீட்டாவது இருந்திருக்கும். மூன்று நாளாக வீடு முழுக்கத் தேடுகிற மாதிரி தேடியிருக்கிறாள். அரிசி டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள், மெத்தையைப் புரட்டினாள், பிள்ளையின் பழைய சட்டைகளை உதறினாள், இல்லாததைத் தேடுகிறோம் என்று தெரிந்தும், எங்காவது கிடைத்துவிடாதா என்று நிஜமாகவே ஒரு நிமிஷம் தோன்றியது. அவரும் முட்டி போட்டு அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தானே அவள். சொல்லவில்லையே. கடைசியில் அவர்தான் நிமிர்ந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, "ஏன் அல்லாடற, கிளினிக்லயே கேட்டா நகல் தருவாங்கல்ல" என்றார், பெரிய வழி கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

மணி அடித்தது. நிமிர்ந்தாள். இருபத்துநாலு.

அது வேறு யாருடைய எண்ணோ, ஒரு பள்ளிக்கூடப் பையும் மூக்கில் பஞ்சுமாய் ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிற தாயின் எண், ஆனாலும் சிவப்பில் அது எரிகிறபோது தங்கள் வீட்டுக் கதவில் எழுதி ஒட்டின மாதிரி இருந்தது. குணாளனும் அதைப் பார்த்தார் போலிருக்கிறது, ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு பார்வையைத் திருப்பினார். லைசன்ஸ் போனால் பன்னிரண்டு வாரம். முதலாளி நல்லவர்தான், வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதுவரை வேறு ஒருத்தன் ஓட்டட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து மூட்டை இறக்கு என்றிருக்கிறார். பதினொரு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர், அவரே பழக்கிவிட்ட நேற்றுப் பயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் நிறுத்தச் சொன்ன இடத்தில் இறங்கி அழுக்குத் துணி மூட்டையைத் தோளில் தூக்க வேண்டும். அதை எல்லாம் அவர் பேசவில்லை. லாரிச் சாவியை மட்டும் ராத்திரி கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவளுக்குத் தன் விசா பாஸ் பயம் வேறு. அவர் கையெழுத்துப் போட்டுத்தான் அவள் இந்த ஊரில் இருக்கிறாள், கார்த்திகையில் புதுப்பிக்க வேண்டும், புருஷன் வேலை எப்படி என்று கேட்பார்களாமே, என்ன சொல்வது. இந்தக் கடிதம் ஒன்றுதான் கொழுகொம்பு. கடிதம் அவள் சொன்ன பொய்யில் நிற்கிறது. கவுண்டர்ப் பெண் இல்லை என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? நம்ப மாட்டார். அதுதான் அவளைக் கொன்றது. அவர் அவளை நம்பி, அந்தப் பெண்ணை நம்பாமல், நல்லாப் பாருங்கம்மா, என் பொண்டாட்டி தனியா வந்து மருந்து வாங்கிட்டுப் போனா என்று எல்லார் முன்னாலும் சண்டை பிடிப்பார். தன் பெண்டாட்டிக்காக, இல்லாத ரசீதுக்காக, அந்த நல்ல மனுஷன் குரலை உயர்த்திக்கொண்டு நிற்பார். லைசன்ஸ் போவதைப் பார்த்துவிடலாம், அதைப் பார்க்க முடியாது.

இருபத்தைந்து என்று எரிந்தது. உடனே இருபத்தாறு. கிழவர் எழுந்து, தர்ஷினியின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனார். மடியில் ரொட்டித் தூள். அதைத் தட்டிவிட்டாள். மறுபடி தட்டினாள். தட்டுவதற்கு ஒன்றும் இல்லாதபோதும் தட்டினாள்.

"என்னங்க."

"ம்."

"அன்னிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்ல."

அவர் திரும்பவில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்தாள், இன்னொரு தடவை சொல்லத் தெம்பு இல்லை. "என்ன சொல்ற?" என்றார், உறையைப் பார்த்தபடியே. "நான் இங்க வரவே இல்லீங்க. ரசீது இல்ல. கம்ப்யூட்டர்லயும் இருக்காது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தரையில் ஒரு பஞ்சு உருண்டை கிடந்தது. "பின்ன எதுக்குக் கூப்பிட்ட?" இப்போது அந்த 'அம்மா' இல்லை, காய்ந்த குரல். அவள் சொல்லத் தொடங்கினாள். தாளில் போட்டிருந்தது, விருச்சிகத்துக்குச் சந்திராஷ்டமம், காலையில் நீங்கள் போகும்போது தூங்கிவிட்டேன், பாத்து ஓட்டுங்க என்று சொல்ல மறந்துவிட்டேன், பத்தொன்பது நாள்தான் இருந்தது எல்லாம் அழிய, அதற்குள் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, பாத்து ஓட்டுங்க என்று சொல்லத்தான். "பாத்து ஓட்டச் சொல்லவா?" என்றார். "ஆமாங்க." "ஓட்டிக்கிட்டிருக்கவனக் கூப்பிட்டு." "ஆமாங்க." அவர் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவளுக்கு உயிரே போய்விட்டது. கையை எடுத்தபோது அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு முகம்.

"எனக்கு விருச்சிகமே இல்ல, ரஞ்சனி."

அவளுக்கு விளங்கவில்லை. பலகையில் இருபத்தேழு எரிந்தது, மணி அடித்தது, இரண்டு பேரும் எழவில்லை. "ஒன் ஜாதகம் வந்தப்ப எனக்கும் ஒனக்கும் சேரல. ரஜ்ஜு தட்டுது, தாலிப் பொருத்தம் இல்லைன்னுட்டாரு இங்க உள்ள ஜோசியரு. அம்மா ஒம் போட்டோவப் பாத்துட்டு, மருமகள்னா இந்தப் பொண்ணுதான்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. நச்சத்திரத்த மாத்திக் கட்டம் போட்டு எழுதி வாங்கி, அத ஒங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒங்க ஊரு ஜோசியரு கட்டத்தத்தான் பாத்தாரு, பொறந்த தேதியப் பாக்கல. அனுஷமும் கெடையாது, விருச்சிகமும் கெடையாது. எனக்கு அவிட்டம். அக்காவுக்கும் தெரியும். அம்மா சாகறப்பகூட ஒங்கிட்டச் சொல்லிராதடான்னுதான் சொன்னாங்க." அவர் கையில் இருந்த பிளாஸ்டிக் உறை நெளிந்தது. "நீ மாசா மாசம் கதவப் புடிச்சுட்டு நிப்பியே, பாத்துப் போங்கன்னு. எதுக்குன்னு எனக்குத் தெரியும். வேற எவன் ராசிக்கோ பயந்துக்கிட்டு நிக்கிறாளேன்னு இருக்கும். சொல்லிரலாம்னு வாயெடுப்பேன். சொன்னா அந்த ரஜ்ஜுவ நெனச்சுப் பயப்படுவியேன்னு விட்ருவேன். நாலு வருஷமா." நாலு வருஷம். அவளுக்கு மூன்று வாரமே இப்படி இருந்தது.

கவுண்டர்ப் பெண் எழுந்து நின்று, "டுவென்ட்டி செவன்?" என்றாள். குணாளன் போய் சீட்டை நீட்டி, வேண்டாம், சாரி என்றார். திரும்பி வரும்போதே அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, ரசீது கெடைக்காது. அனுப்ப வேணாம். இல்ல, அவ தொலைக்கல. காய்ச்சலே இல்ல, நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்." அந்தப் பக்கம் அண்ணி கத்துவது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. "அப்ப என்ன எழவுக்குடா போன எடுத்த?" அவர் சிவரஞ்சனியை ஒரு பார்வை பார்த்தார். "அது நம்ம அம்மா பண்ணின வேல. சாயந்திரம் வீட்டுக்கு வா, சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

வெளியே நல்ல வெயில். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே யாரோ குழாயில் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவியிருந்தார்கள். பிள்ளையை அவர் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். கடிதத்தை இரண்டாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார், கிழிக்கவில்லை. "வந்துருச்சுல்ல, இருவத்துநாலு. லைசன்ஸக் குடுத்துட்டு வந்துருவோம்" என்றார், ஏதோ கடன் வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. தான் சொன்ன பொய் பெரிதா, அவர்கள் சொன்ன பொய் பெரிதா என்று அவள் மனசு ஒரு தராசைத் தூக்கிப் பார்த்தது, தூக்க முடியாமல் வைத்தது. மாமியார் அவள் போட்டோவைப் பார்த்து ஒற்றைக் காலில் நின்றார் என்பதில் ஒரு சந்தோஷம்கூட எங்கோ எட்டிப் பார்த்தது, அதை வெட்கத்தோடு அமுக்கினாள். "இனிமே பகல்ல கூப்பிட மாட்டேங்க" என்றாள். "கூப்பிடு" என்றார். "பன்னண்டு வாரம் பக்கத்து சீட்லதான ஒக்காந்திருப்பேன். எடுத்துப் பேசினா எவனும் கேக்க மாட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. அவள் கூட நடந்தாள். அவர் ராசிக்குப் பயப்பட்ட நாளெல்லாம் வீண். பயப்பட வேண்டிய நாளில் எல்லாம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அவரும் அந்த நாட்களில் எல்லாம் சோப்பு வாசத்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார், ஆகவே ஒன்றும் இல்லை, எல்லாம் வெறும் தாள், ரஜ்ஜுவும் வெறும் பேச்சு, நாலு வருஷம் ஆகிவிட்டது, மனுஷன் கல்லு மாதிரி முன்னால் நடக்கிறார். வெறும் தாள் என்று நினைக்கும்போதே விரல் எண்ணிக்கொண்டிருந்தது. அவிட்டத்தில் முதல் இரண்டு பாதம் மகரம், பின் இரண்டும் கும்பம். மகரம் என்றால் அன்றைக்கு அவருக்கு ஒன்றும் இல்லை, அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் எட்டில் சந்திரன், அன்று கடற்கரையில் பிள்ளையைத் தூக்கி அலையில் கால் நனைத்தார். கும்பம் என்றால் அதற்கு அடுத்த செவ்வாய், அன்று மூட்டை தூக்கச் சொல்லி முதலாளி கூப்பிட்டார். கேட்கக் கூடாது, இதற்கு மேல் கேட்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள்.

"என்னங்க," என்றாள். "அவிட்டம் எத்தனாம் பாதம்?"